நோலீன் இரவல் தந்த கத்தி

நோலீன் ஹாப்டேயின் விரல் மரத்துப்போனதால்தான் அன்றைக்குக் கத்தி திறக்கவில்லை என்று நிம்மிட்டி ஊர் முழுக்கப் பேச்சு. மதுக்கடையிலும் அதுதான், தபால் நிலையத்திலும் அதுதான். வயதாகிவிட்டது பாவம், இனிமேலாவது வீட்டோடு இருக்கக் கூடாதா என்று உச்சுக்கொட்டுகிறார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அது பச்சைப் பொய். அதைக் கிளப்பிவிட்டதே நோலீன்தான். உண்மை தெரிந்த இன்னொரு ஆள் நான் ஒருவன்தான் என்பதால் நானே எழுதுகிறேன்.

என் பெயர் மெர்வ் கின்செல்லா. கான்பெராவுக்குத் தெற்கே இந்தக் குளிர்ப் பக்கத்தில் பதினோரு வருடமாக நானும் அவளும் ஜோடி சேர்ந்து கூலி வேலை செய்கிறோம். வசந்தம் வந்தால் பண்ணை பண்ணையாகப் போய் ஆட்டுக்குட்டிகளுக்கு வால் நறுக்கி, கிடாய்க்குட்டிகளுக்குக் காயடிப்போம். பட்டியிலிருந்து பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பது நான், வெட்டுவது அவள். குளிர்காலத்தில் வேலி கட்டுவோம், ஆடுகளுக்குத் தீவனம் போடுவோம், கிடைத்ததைச் செய்வோம். அவளுக்கு அறுபத்தொன்று, எனக்கு மூன்று வயது குறைவு. அவள் புருஷன் கடற்கரைப் பக்கம் மீன் பிடிக்கப் போகிறேன் என்று கிளம்பியவன் அங்கேயே தங்கிவிட்டான். "மீன் பெருசு போல" என்று ஒரு வார்த்தை சொன்னாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது.

கத்தி அவளுக்குக் கிடைத்தது பிபென்லூக் பக்கம் ஒரு பண்ணை கைமாறியபோது. பழைய குடும்பம் தட்டுமுட்டுச் சாமான்களை எல்லாம் புல்வெளியில் வரிசையாகப் பரப்பி ஏலம் விட்டது. ஒரு பெட்டி நிறையக் கதவுக் கீல்கள். கீலுக்காக நோலீன் கையைத் தூக்கினாள். வீட்டுக்கு வந்து கொட்டிப் பார்த்தால் அடியில் ஒரு மடக்குக் கத்தி. மூன்று அலகும் துருவேறி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. எலும்புப் பிடியில் ஒரு விரிசல், பக்கத்தில் யாரோ கீறிய இரண்டு எழுத்து. குப்பையில் போடு என்று நான்தான் சொன்னேன்.

அவள் நாலு நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டாள். முட்டை அவிக்கிற சட்டியிலேயே போட்டுக் கொதிக்கவைத்தாள். தீக்குச்சி முனையில் துணி சுற்றி மூட்டுக்குள் விட்டுக் குடைந்தாள். ஒரு மாதம் கழித்து என் மூக்குக்கு நேரே நீட்டி, வலது கைக் கட்டைவிரலால் மட்டும் திறந்து காட்டினாள். டக்.

"ஸ்பிரிங் தளந்து கிடக்கு," என்றேன்.

"அதான்யா இதுல விசேஷமே. புதுக் கத்தின்னா ரெண்டு கை வேணும். யாரோ ஒருத்தன் முப்பது வருஷம் திறந்து திறந்து எனக்காகப் பழக்கி வச்சிருக்கான்."

எங்கள் வேலையில் அது சாதாரண விஷயமில்லை. இடது கை குட்டியின் பின்னங்கால் இரண்டையும் பிடித்திருக்கும், விடவே முடியாது. திறப்பது, வெட்டுவது, தொடையில் வைத்து மடக்குவது எல்லாம் வலது கை ஒன்றே செய்ய வேண்டும். நாளுக்கு ஐந்நூறு குட்டி. பெரிய அலகு வாலுக்கு, ஒல்லி அலகு காயடிக்க, மூன்றாவது ஆப்பிள் நறுக்க. மூன்றும் ஒன்றின் வேலையில் ஒன்று தலையிடக் கூடாது என்பது அவள் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆட்டு வறுவல் சாப்பிட்டு முடிந்ததும் கத்திக்குக் குளியல். கெட்டிலில் கொதிக்கிற தண்ணீரை மூட்டில் ஊற்றுவாள். இரத்தம், சாணி, கம்பளிப் பிசிறு எல்லாம் கழன்று வரும். பிறகு தீக்குச்சி. பிறகு அடுப்புக் கதவோரம் வைத்து ஈரம் போகக் காயவைப்பாள். ஊசி முனையில் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு எடுத்து மூட்டில் விட்டு, பத்துத் தடவை திறந்து மூடுவாள். காதருகே வைத்துச் சத்தம் கேட்பாள். கடைசியில் சாணைக்கல். கட்டைவிரல் நகத்தின் மேல் அலகை வைத்துப் பார்ப்பாள். வழுக்கினால் மறுபடி கல்லுக்குப் போகும், பிடித்தால் போதும். இதில் ஒரு படி மாறி நான் பார்த்ததில்லை.

யாருக்கும் இரவல் கிடையாது. ஒருத்தன் கேட்டதற்கு, "என் பல்செட்டையும் சேத்து எடுத்துட்டுப் போயேன்," என்றாள்.

இங்கேதான் எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இரவல் வாங்கிய பொருளை வாங்கியதைவிட நல்ல நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். மண்வெட்டி வாங்கினால் கழுவி, காம்புக்கு எண்ணெய் தடவித் தர வேண்டும். கிடாய் வாங்கினால் கொழுக்கவைத்துத் தர வேண்டும். கேக் தட்டு காலியாகத் திரும்பினால் தலைமுறைக்கும் பேச்சு. என் அப்பா ஒருமுறை இரவல் வாங்கிய டிரெய்லருக்குப் பச்சை வர்ணம் அடித்துத் திருப்பிக் கொடுத்தார். அந்த வீட்டுக்காரர்களுக்குப் பச்சை பிடிக்காது. அதைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை.

போன ஜூலையில், நடுக்குளிர்காலத்தில், என் கத்தியின் ஸ்பிரிங் முறிந்தது. புதியதற்கு எழுதிப் போட்டிருந்தேன், வந்து சேரவில்லை. அந்த நேரம் பார்த்து நோலீன் கண் பரிசோதனைக்காக இரண்டு நாள் கான்பெரா போக வேண்டியிருந்தது. அவள் ஆடுகளுக்கும் நான்தான் வைக்கோல் போட வேண்டும். வைக்கோல் உருளையைச் சுற்றியிருக்கும் வலையை வெட்டக் கத்தி வேண்டும். வேறு வழியில்லாமல் இடுப்பு உறையிலிருந்து எடுத்தாள். என் உள்ளங்கையில் வைத்தாள், ஆனால் விரலை எடுக்கவில்லை.

"எப்படித் தர்றேனோ அப்படியே திருப்பிக் குடு. கழுவாத, தீட்டாத, எண்ணெய் விடாத. புரிஞ்சுதா?"

"அழுக்கோடவா தரச் சொல்ற? என்னை என்னன்னு நினைச்ச?"

"அழுக்கோடவே குடு. அழுக்கு எங்க இருக்கும்னு எனக்குத் தெரியும். நீ பண்ற வேலை எங்க இருக்கும்னு எனக்குத் தெரியாது."

எனக்குச் சுருக்கென்றது. கின்செல்லா வீட்டு மனுஷனைப் பார்த்துச் சொல்கிற சொல்லா இது? இரண்டு நாள் வைக்கோல் வெட்டும்போதெல்லாம் அது மனதில் குத்திக்கொண்டே இருந்தது. சனிக்கிழமை மாலை சாப்பாட்டு மேசையில் கத்தியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதலில் சாணை பிடித்தேன். அதில் நான் யாருக்கும் சளைத்தவனில்லை. முன்கை ரோமம் தானாக விழுகிற அளவுக்குக் கூர் ஏற்றினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தவில்லை. என்னிடம் கம்பளிக் கொழுப்பு ஒரு டப்பா எப்போதும் இருக்கும். அழுக்குக் கம்பளியைக் கொதிக்கவைத்து, மேலே மிதப்பதை வழித்து நானே எடுப்பது. காய்ந்த உதடு, வெடித்த குதிகால், குதிரைச் சேணம், கேட் கீல், பேட்டரி முனை என்று நான் அதைப் பூசாத இடமில்லை. துரு கிட்டவே வராது. மூன்று மூட்டிலும் அதை அழுத்தி அழுத்தி ஏற்றினேன். அலகு உட்காரும் பள்ளத்திலும் பூசினேன். நகம் மாட்டுவதற்கு அலகில் ஒரு சின்ன வெட்டு இருக்குமே, அதிலும் பூசினேன். அடுப்புப் பக்கத்தில் கத்தி எண்ணெயில் நழுவுகிற மாதிரி திறந்து மூடியது. எனக்கு ஏக சந்தோஷம்.

இரவல் சட்டம் தெரிந்த எங்களில் ஒருவன்தான் இப்படிச் செய்வான். வேறு யாராக இருந்தாலும் அழுக்கோடு கொடுத்திருப்பான், ஒன்றும் நடந்திருக்காது.

திங்கள் காலை ஏழு மணிக்கு அவளை என் பிக்கப் வண்டியில் ஏற்றிக்கொண்டேன். வெளியே உறைபனி, உள்ளே ஹீட்டர். சட்டைப் பைக்குள் என் உடம்புச் சூட்டில் இருந்த கத்தியை எடுத்துக் கொடுத்தேன். அவள் கட்டைவிரலால் தள்ளினாள். சத்தமில்லாமல் திறந்தது.

"என்ன பண்ணின?"

"ஒண்ணும் பண்ணலையே. சும்மா துடைச்சேன்."

"சத்தத்தைக் காணோமே."

"ஹீட்டர் சத்தத்துல உனக்குக் கேக்கல."

அவள் கத்தியை மடக்கி, கோட்டுக்கு மேலே கட்டியிருந்த இடுப்பு உறையில் போட்டாள். நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

சாலி பிளாட்ஸ் பண்ணையின் முதலாளி குளிருக்குப் பயந்து குவீன்ஸ்லாந்து போயிருந்தார். தீவனம் எங்கள் பொறுப்பு. ஒன்பது மணிக்குக் குட்டையருகே போனபோது சினை ஆடு ஒன்று வயிறு வரைக்கும் சேற்றில் புதைந்து நிற்கிறது. ஓரத் தண்ணீரில் கண்ணாடி மாதிரி பனி. விட்டால் மதியத்துக்குள் ஆடும் போகும், வயிற்றுக்குட்டியும் போகும்.

இதை முன்பே இரண்டு தடவை செய்திருக்கிறோம். கரை மேட்டின் உச்சியில் வண்டியை நிறுத்த வேண்டும். ஆட்டின் மார்பில் நைலான் கயிற்றைக் கட்டி, தண்ணீரோரம் நிற்கிற பழைய பம்புக் கம்பத்தைச் சுற்றிக் கொண்டுவந்து வண்டியின் பின் கொக்கியில் மாட்ட வேண்டும். வண்டி மேட்டின் அந்தப் பக்கம் மெதுவாக இறங்கினால் ஆடு பக்கவாட்டில் கெட்டித் தரைக்கு வந்துவிடும். கயிறு கம்பத்தில் மேலே ஏறாமல் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும். நோலீன் நின்றாள். கயிற்றைக் காலால்தான் தள்ள வேண்டும், கையை வைக்கவே கூடாது. அது அவளுக்கும் தெரியும்.

நான் ஒரு வண்டி நீளம் நகர்ந்தேன். முன்சக்கரங்கள் மேட்டைத் தாண்டி அந்தப் பக்கச் சரிவில் இறங்கின. அங்கே வெயிலே படவில்லை, புல் முழுக்க வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் மிதிக்காமலே வண்டி முன்னால் வழுக்கியது. பின்னால் ஓர் அலறல்.

பிரேக்கை ஓங்கி மிதித்தேன். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். நோலீன் கம்பத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி நிற்கிறாள். கால் சேற்றில் மாட்டிக்கொண்டதால் மேலே ஏறிய கயிற்றைக் கையால் தள்ளியிருக்கிறாள். இடது கை மணிக்கட்டு வரைக்கும் கயிற்றுக்கும் கம்பத்துக்கும் நடுவில் மாட்டிவிட்டது.

"கை! மெர்வ், கை! பின்னால வா!"

ரிவர்ஸ் போட்டேன். சக்கரம் வீணாகச் சுற்றியது, வண்டி இன்னும் ஒரு சாண் கீழே வழுக்கியது. அவள் போட்ட சத்தத்தை என்னால் எழுத முடியாது. இரண்டு காலாலும் பிரேக்கை அழுத்தினேன். சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, ஆனாலும் வண்டி முழுசாக நிற்கவில்லை. கொஞ்சம் நிற்கும், பிறகு புல்லோடு ஒரு நழுவல். ஒவ்வொரு நழுவலுக்கும் கயிறு கம்பத்தை இறுக்கியது. மறுமுனையில் சேற்றில் புதைந்த ஆடு அசையவே இல்லை.

"ஹேண்ட்பிரேக்கைப் போட்டுட்டு இறங்கி வாயா!"

"பிடிக்காது நோல்! மார்ச்சுல இருந்தே பிடிக்கல!"

கியரில் விட்டு இறங்கலாமா என்று யோசித்தேன். போன மாதம் அப்படி விட்டு இறங்கித்தான் வண்டி வேலியை உடைத்துக்கொண்டு போயிற்று. பிரேக்கிலிருந்து காலை எடுத்த நொடியில் அவள் கை போய்விடும். என்னிடம் வெட்டுவதற்கு ஒன்றும் இல்லை, என் கத்தி முறிந்து வீட்டில் கிடக்கிறது. நான் வண்டிக்குள், அவள் எட்டு கஜம் தள்ளி, நடுவில் விறைத்த கயிறு.

"கத்திய எடு! கயித்தை அறு!"

அதற்கு முன்பே அவள் வலது கை இடுப்புக்குப் போயிருந்தது. எனக்கு உயிர் வந்தது. ஒரு நொடி வேலை. பதினோரு வருடம் பார்த்திருக்கிறேன், கட்டைவிரல் தள்ளும், டக் என்று திறக்கும்.

திறக்கவில்லை. அவள் விரலை மாற்றி வைத்துத் தள்ளினாள். நகம் வழுக்கியது. கத்தியைக் கோட்டில் துடைத்துவிட்டு மறுபடி தள்ளினாள். கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றித் துப்பினாள். பல்லால் அலகைப் பிடித்து இழுத்தாள். பல்லும் வழுக்கியது. வண்டி நழுவியது. இதுவரை கண்ணாடியில் அவள் இடுப்பு வரைக்கும் தெரிந்தது, இப்போது மார்பு வரைக்கும்தான்.

"என் விரல் செத்துப்போச்சு, மெர்வ்!" என்று கத்தினாள். "மரத்துப்போச்சு! எனக்குப் பலமே இல்ல!"

விரல் மரக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கம்பளிக் கொழுப்பு குளிரில் என்ன ஆகும் என்று அந்த டப்பாவை ஒவ்வொரு ஜூலையும் அடுப்பில் வைத்து இளக்குகிற எனக்குத் தெரியாதா? தட்டில் ஆறிப்போன ஆட்டுக் கொழுப்பைவிட மோசமாக உறையும். மூன்று மூட்டிலும் நான் அழுத்தி ஏற்றியது மெழுகாகி அலகைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அவள் தன் விரலைத் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

இதை எழுதக் கை கூசுகிறது. நான் உடனே சொல்லவில்லை. சொன்னால் காலையில் சொன்னது பொய் என்று தெரியும், சொல்லாவிட்டால் விரல்மேல் போகும் என்று எனக்குள் ஏதோ ஒன்று கணக்குப் போட்டது. வண்டி இன்னும் ஒரு சாண் நழுவுகிற நேரம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த ஒரு சாணில் அவள் தோள் கண்ணாடியிலிருந்து மறைந்தது, முகம் மட்டும் மிச்சம்.

பிறகு தொண்டை கிழியக் கத்தினேன். "விரல் இல்ல! நான்தான்! கொழுப்பு போட்டேன்!"

"என்னது?"

"கம்பளிக் கொழுப்பு! மூட்டு பூரா! உறைஞ்சுபோச்சு! வாயில போடு! மூட்டுப் பக்கம் உள்ள போகட்டும், கடிச்சுக்க!"

கண்ணாடியில் அவள் கண் என்னை நேராகப் பார்த்தது. மடங்கின கத்தியை அப்படியே வாய்க்குள் திணித்தாள். இரண்டு கன்னமும் புடைத்தன.

நான் எண்ணத் தொடங்கினேன். ஏழில் ஒரு நழுவல். பன்னிரண்டில் இன்னொன்று, நெற்றியும் தொப்பியும்தான் தெரிந்தன. கயிறு முறுக்கேறி முனகியது. இருபதில் வண்டி நின்ற மாதிரி இருந்தது. இருபத்தி மூன்றில் ஒரே இழுப்பாக வழுக்கியது. தொப்பியும் போய்விட்டது. கண்ணாடியில் வானம் மட்டும்.

"நோல்!"

பதில் இல்லை. வாயில் கத்தி இருந்தால் எப்படிப் பதில் வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்போது பின்னால் படார் என்று ஒரு சத்தம். வண்டி கட்டு அறுந்து சரிவில் பாய்ந்து, கீழே புல் மேட்டில் முட்டி நின்றது. எது அறுந்தது என்று தெரியவில்லை. கயிறா, வேறெதுவா? இறங்கி ஓடினேன். உறைபனியில் இரண்டு தடவை விழுந்தேன். அந்த மேட்டை நான் எப்படி ஏறினேன் என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

அவள் கம்பத்தில் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்திருந்தாள். வலது கையில் கத்தி, திறந்தபடி. இடது கையை மார்போடு அணைத்திருந்தாள். இரண்டு விரல் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தன. காறித் துப்பினாள்.

"இருக்கு," என்றாள். "அஞ்சும் இருக்கு. எண்ணிட்டேன்."

நான் முட்டி போட்டு உட்கார்ந்து அழுதேன்.

"அப்புறம் அழு. முதல்ல ஆட்டை வெளிய எடு."

இவ்வளவு இழுத்ததில் ஆடும் சேற்றிலிருந்து பாதி கிளம்பியிருந்தது. கம்பளியைப் பிடித்து இழுத்துப் போட்டேன். அது உடம்பை உதறிக்கொண்டு எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தது.

கூமா ஆஸ்பத்திரிக்கு முக்கால் மணி நேரம். வழியில் மூன்று தடவை ஜன்னலை இறக்கித் துப்பினாள்.

"இதைத்தான் உதட்டுக்கும் போடுறியா?"

"ஆமா."

"அதான் ஒருத்தியும் உன் பக்கத்துல வரல." கொஞ்ச தூரம் போனதும், "ஊரான் வீட்டுக் கத்திக்கு ராத்திரி பகலா வேலை செய்வ. உன் வண்டிக்கு ஒரு ஹேண்ட்பிரேக் போட மாட்ட," என்றாள். அதற்குப் பிறகு வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் எப்படி ஆயிற்று என்று கேட்டாள். "கயித்துல மாட்டிக்கிச்சு. கத்திய எடுத்தேன், விரல் மரத்துப்போய் திறக்க வரல. வயசாச்சுல்ல," என்றாள் நோலீன். நான் வாயைத் திறந்தேன். என் பூட்ஸை ஓங்கி ஒரு மிதி. அந்த நர்ஸுக்கு எங்கள் ஊரில் ஒரு மாமி. மறுநாளே கதை நிம்மிட்டி வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். இடது கை முழங்கை வரை மாவுக்கட்டு. மேசையில் கத்தி, கெட்டில், தீக்குச்சிப் பெட்டி, ஊசி, தையல் மெஷின் எண்ணெய் எல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

"இதுக்கு ரெண்டு கை வேணும். உக்காரு."

உட்கார்ந்தேன். கொதிநீரை ஊற்றினேன். கொழுப்பு மஞ்சள் ஆடையாக மிதந்து வந்தது. மறுபடி ஊற்றச் சொன்னாள். மறுபடி. ஐந்து தடவை. தீக்குச்சியால் குடையும்போது எங்கே இன்னும் இருக்கிறது என்று கட்டுப் போட்ட கையாலேயே காட்டினாள். ஒரு சொட்டு எண்ணெய். பத்துத் தடவை திறந்து மூடினேன். சாணைக்கல்லை எடுக்கப் போனேன்.

"அதைத் தொடாத. கூர் நல்லா இருக்கு. கயிறு ஒரே இழுப்புல போச்சு."

திட்டியிருந்தால் தேவலை போலிருந்தது. அவள் கத்தியை வாங்கிக்கொண்டு போய் ஃப்ரீசரில் பட்டாணிப் பொட்டலத்துக்கும் ஆட்டுத் துண்டுக்கும் நடுவில் வைத்துக் கதவை மூடினாள். "அரை மணி நேரம். டீ குடி," என்றாள்.

"எதுக்கு நர்ஸ்கிட்ட பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"உண்மையைச் சொன்னா உனக்கு இரவல் குடுத்த முட்டாள் நான்னு ஊருக்கே தெரிஞ்சுடும்."

"நோல், இன்னொண்ணு இருக்கு. நான் உடனே சொல்லல. விரல்மேல பழி போகட்டும்னு கொஞ்ச நேரம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். ஒரு சாண் வண்டி போச்சு."

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். "தெரியும். நீ கண்ணாடியில என்னைப் பாத்தா நானும் உன்னைப் பாக்க மாட்டேனா? உன் வாயைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். திறந்துச்சு, மூடிச்சு. இவன் ஏதோ பண்ணியிருக்கான்னு அப்பவே புரிஞ்சுது. சொல்லுவானா மாட்டானான்னுதான் தெரியல."

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேசை விரிப்பில் இருந்த கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரை மணி ஆனதும் ஃப்ரீசரைத் திறந்தாள். வெள்ளை பூத்த கத்தியை வலது கையில் எடுத்தாள், கட்டைவிரலால் தள்ளினாள். டக். மடக்கினாள், மறுபடி திறந்தாள். டக். பிறகு மடக்கி மேசையில் என் பக்கம் தள்ளினாள்.

"எடுத்துக்க. நாளைக்கு வைக்கோல் வெட்டணும். உன்கிட்டதான் கத்தி இல்லையே."

"வேணாம் நோல்."

"எப்படித் தர்றேனோ அப்படியே திருப்பிக் குடு."

அந்த வாரம் முழுக்க அதை வைத்து வைக்கோல் வெட்டினேன். ஒரு செத்த ஆட்டின் தோலை உரித்தேன். வேலியில் சிக்கிய கம்பளியை அறுத்தேன். ஒவ்வொரு மாலையும் அந்தக் கத்தி மேசையில் கிடந்தது, டப்பா அலமாரியில் இருந்தது. நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சனிக்கிழமை அவள் வீட்டு முற்றத்தைக் கடந்து நான் போகும்போது காது இரண்டும் எரிந்தன. இரவல் வாங்கிய பொருளை வாழ்க்கையில் முதல் தடவையாக இரத்தமும் சாணியும் வைக்கோல் தூசுமாகத் திருப்பிக் கொண்டுபோகிறேன். ரோட்டில் யாராவது வந்தால் என்ன செய்வது என்று கத்தியைத் தொப்பிக்குள் ஒளித்துக்கொண்டேன்.

நோலீன் வாசலிலேயே வாங்கினாள். ஒற்றைக் கையால் திறந்தாள். டக். அலகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், மூட்டை முகர்ந்தாள், காய்ந்த இரத்தத்தை நகத்தால் சுரண்டினாள்.

"ம்," என்றாள். "சரியா இருக்கு. உள்ள வா."